டிரில் டீச்சர் தேடிய புல்

சூசையக்கா வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் தொங்கும் விசிலை ஒருமுறை ஊதிப் பார்க்காமல் அவளால் பள்ளிக்கூட வாசலைத் தாண்ட முடியாது. சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ, இறுக்கிப் போட்ட கொண்டை, இடது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு. திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஐம்பதுகளின் தொடக்கத்தில் டிரில் டீச்சராக வந்தவள், அறுபத்தெட்டில் ஓய்வு பெறும்வரை அந்த ஷூவைக் கழற்றவில்லை. முழுப்பெயர் சூசையம்மாள். சொந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம் சேவுகம்பட்டி.

நான் தையல் டீச்சர் ஆனந்தமேரி. எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று மற்ற டீச்சர்கள் பேசிக்கொள்வார்கள். சுத்தப் பொய். ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவர்களுக்குள் என்ன ஏழாம் பொருத்தம்? எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். அந்தப் பிடிவாதத்தை நான் முழுசாகப் பார்த்தது ஐம்பத்தேழாம் வருஷம், ஒரு துண்டுப் புல்தரைக்காக அவள் பட்ட பாட்டில்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில்தான் எங்கள் பிள்ளைகள் விளையாட வேண்டும். சுற்றிலும் திறந்த மைதானம் பரந்து கிடந்தது, ஆனால் அங்கே விளையாட விட மாட்டார்கள். “வெயில்ல ஆடிக் கறுத்துப் போனா நாளைக்கு எவன் டீச்சர் கட்டுவான்?” என்று தாய்மார்கள் வரிசை கட்டி வந்து கேட்டதில், எங்கள் தலைமை மதர் விளையாட்டு வகுப்பையே மர நிழலுக்கு மாற்றிவிட்டார். நிழல் பிள்ளைகளுக்கு நல்லது, புல்லுக்கு ஆகாது. மரத்தைச் சுற்றி ஓரத்தில் மட்டும் சொட்டைத் தலையில் முடி நிற்கிற மாதிரி அங்கங்கே நாலு புல். நடுவில் கட்டாந்தரை, அதில் துருத்திக்கொண்டு கூழாங்கல்.

அந்தத் தரையில்தான் எட்டாம் வகுப்பு கமர்ஜஹான் விழுந்தாள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கும் டென்னிகாய்ட் ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. வளையம் எங்கே விழுந்தாலும் பாய்ந்து பிடிப்பாள். அன்றைக்கும் பாய்ந்தாள், வளையத்தைப் பிடித்தாள், முகவாய் கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் அவள் அத்தா கிதர் முகம்மது வந்தார். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர். சத்தம் போடுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“படிக்கத்தான் டீச்சரம்மா அனுப்புனேன். பொம்பளப் புள்ள மொகத்துல தழும்போட நின்னா...” என்று தொடங்கியவர், சூசையக்காவின் புருவத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“பரவால்ல, சொல்லுங்க” என்றாள் சூசையக்கா. “இதுவும் சின்ன வயசுல ஓடி விழுந்ததுதான். எங்கூர்ல பொண்ணு பாக்க வந்தவுகல்லாம் இதப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சுப் போனாக. அப்பறந்தான் எங்கய்யா படிக்க வச்சாரு. இந்தத் தழும்புதான் எனக்குச் சோறு போடுது.”

“ஒங்களக் கொற சொல்லலம்மா. நீங்க நல்லா இருக்கணும். ஆனா எம் மகளுக்கு அது வேணாம். இனிமே அவ ஆடவேண்டாம்.”

அன்றைக்குத் தூக்குவாளியை நான் மட்டுந்தான் காலி செய்தேன். சூசையக்கா சுண்டைக்காய் வெஞ்சனத்தைக்கூடத் தொடவில்லை. அந்த மனுஷர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு வீட்டில் தொடங்கினால் ஊரெல்லாம் தொடரும். அடுத்தடுத்து நாலைந்து தகப்பன்மார்கள் வந்து அதையே சொன்னார்கள். மதர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். விழுந்தால் அடிபடாத மாதிரி மரத்தடி முழுக்கப் புல் வளர வேண்டும். அடுத்த வருஷம் காலாண்டு லீவு முடிவதற்குள் வளர்ந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டி விளையாட்டைத் தொடரலாம். வளராவிட்டால் விளையாட்டு வகுப்பு கிடையாது, அந்த நேரமும் தையலுக்கு, அந்த இடத்தில் தையலுக்கென்று ஒரு ஷெட்.

தையல் ஷெட் நான் வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொண்டு சிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“அக்கா, ஒனக்குப் புல்லு வேணும், எனக்கு ஷெட்டு வேணும். ஆண்டவர் யாருக்குக் குடுக்குறாருன்னு பாப்பம்.”

“சரிடி. ஆனா எனக்காகவும் ஒரு செபம் சொல்லு.”

“என் செபத்த முடிச்சிட்டு நேரமிருந்தா சொல்றேன்.”

முதல் விதை மதரே கொடுத்தது. கொடைக்கானல் மடத்துத் தோட்டத்தில் பாய் விரித்த மாதிரி இருக்கும் புல்லின் விதை. தூசி மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் சூசையக்கா மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தூவிவிட்டாள். பத்தே நாளில் பச்சை கட்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மதர் அதில் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போய்க் குடிலில் மாட்டுக்கு முன்னால் வைத்தார். சூசையக்கா விசிலை ஊதிக்கொண்டே என் வகுப்புச் சன்னலுக்கு வந்து, “ஒன் ஷெட்டு போச்சுடி” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகள் முன்னால் நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

தை முடிந்து மாசி பிறந்தது. வெயில் ஏற ஏற அந்தப் புல் மஞ்சளாகி, பங்குனியில் வைக்கோலாகிவிட்டது. மலையில் பிறந்தது திண்டுக்கல் வெயிலுக்கு என்ன செய்யும்? இங்கே பிறந்த நமக்கே நாக்குத் தள்ளுகிறது. தண்ணீர் ஊற்றலாம் என்றால் ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. போர்டிங் பிள்ளைகள் முகம் கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி மரத்தடிக்குத் திருப்பினாள். அதைக் குடித்தும் அந்தப் புல் பிழைக்கவில்லை.

அடுத்தது அருகு. “மதுரைச் சீமையில புல்லுன்னா அருகுதான், வேற பேச்சே இல்ல” என்று சூசையக்கா சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேவுகம்பட்டிக்கு பஸ் ஏறினாள். வரப்பிலிருந்து ஒரு சாக்கு நிறைய அருகு வேரும், உருவிக்கொண்டு வந்த விதையும் சேர்த்து இறக்கினாள். நட்டாள், தூவினாள். வளர்ந்தது. ஆனால் எங்கே வளர வேண்டுமோ அங்கே இல்லை. வெயில் படும் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு ஓடியது. நடைபாதையில் ஓடியது, சைக்கிள் கொட்டகைக்குள் ஓடியது, மதர் வளர்த்த ரோஜாத் தொட்டிக்குள்ளும் ஏறியது. மரத்தடிக்கு மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டது. பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில் பூசாரிக்குத்தான் லாபம். வேலியோரம் நின்று கையை விட்டு மாலைக்குப் பறித்துக்கொண்டு போனார். மதரைப் பார்த்தால் கும்பிடும் போட்டார்.

“அக்கா, புல்லு ஒனக்கா, பிள்ளையாருக்கா?” என்று கேட்டேன். அவள் மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெதைய மாத்தி மாத்திப் போட்டு என்ன செய்ய? மண்ணுல சத்து இல்லடி. எங்கய்யா கெடை போடாம ஒரு வெதை போட மாட்டாரு.”

ஆட்டுக்கிடையைத்தான் சொன்னாள். எங்கள் பக்கத்து விவசாயிகள் விதைப்பதற்கு முன்னால் கீதாரியைக் கூப்பிட்டு, மந்தையை ராத்திரி வயலில் அடைக்கச் சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு விருந்து. வயலுக்குச் செய்வதைப் பள்ளிக்கூடத்துக்குச் செய்தால் என்ன என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. மே மாத லீவு. மதர் தியானத்துக்குக் கொடைக்கானல் போயிருந்தார். கேட்பாரில்லை.

கீதாரி சடையாண்டி தொப்பம்பட்டிப் பக்கத்து ஆள். கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார். விஷயத்தைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“ஏனுங்க டீச்சர், கெடைய வயக்காட்டுலதானுங்க போடுவோம். பள்ளிக்கூடத்துல போட்டா ஆடு பாடம் படிக்குமுங்களா?”

“எங்க புள்ளைகள விட நல்லாப் படிக்கும். நீங்க ஓட்டிட்டு வாங்க.”

ஒரு வாரம் கிடை கிடந்தது. ஆடுகள் மரத்தடியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு படுத்தன. அந்த வாசம் ஆசிரியைகள் குடியிருப்பில் என் தலையணைவரை வந்தது. புளிச்சோறு கிண்டினால்கூட ஆட்டு வாசம் அடித்தது. “அக்கா, ஜென்மத்துக்கும் இனிமே எனக்குக் கறி வேண்டாம்” என்று சொன்னேன். அடுத்த ஞாயிறே மறந்துவிட்டேன், அது வேறு விஷயம்.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டு மழை பெய்தது. மரத்தடி முழுக்கப் பச்சை. சூசையக்கா மதரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன், தோற்றது தோற்றதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு. மதர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். புல் மாதிரி இல்லை. பொடிப்பொடி இலை, சீப்பு மாதிரி இரண்டு பக்கமும் அடுக்கு. ஒன்றைக் கிள்ளப் போனவர் விரலை உதறினார்.

வெள்வேல மரக்கன்று. தொப்பம்பட்டிப் பக்கத்து மேய்ச்சல் காடெல்லாம் வெள்வேல மரம்தான். கோடையில் ஆடுகள் அதன் காயைத்தான் தின்கின்றன. தின்ற காயின் விதை புழுக்கையோடு வந்து எங்கள் மரத்தடியில் இறங்கியிருக்கிறது. விழுந்தால் அடிபடக் கூடாது என்று ஓர் இடம் கேட்டால், முள்ளை விதைத்து வைத்திருக்கிறாள் புண்ணியவதி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது எங்கள் மடத்துக்குள்ளேயே நடந்தது.

மதர் கோபப்படவில்லை. “சூசையம்மாள், இங்கே எந்தப் பிள்ளை விழ வேண்டும் என்று நினைத்தாய்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். இனிமேல் ஆடு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று ஆயாவிடம் சொல்லியனுப்பினார்.

சூசையக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஷெட் வேண்டும்தான், ஆனால் இப்படிக் கிடைக்கிற ஷெட் எனக்கு எதற்கு? அதைக் காட்டிக்கொள்ளாமல் வாயைத் திறந்தேன்.

“வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டு இப்ப அழுதா ஆச்சா? எந்திரி. முள்ளு முத்துறதுக்குள்ள புடுங்குவம்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்தான் முதலில் இறங்கினேன். சாயங்காலமானால் பிள்ளைகளும் வந்தார்கள். கமர்ஜஹானும் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். “ஆடத்தான கூடாதுன்னாக அத்தா, முள்ளுப் புடுங்கக் கூடாதுன்னு சொல்லலையே டீச்சர்” என்றாள். அப்படி முள்ளாய்ப் பிடுங்கிக்கொண்டே மரத்தின் தூர்ப் பக்கம் நகர்ந்தபோது என் கைக்கு ஒரு புல் அகப்பட்டது. குத்துக் குத்தாய் இருந்தது. இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். நான்தான் பின்னால் சாய்ந்தேன், புல் அப்படியே நின்றது.

“அக்கா, இந்தக் களை வரமாட்டேங்குது.”

அவள் வந்து இழுத்துப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். நிழல் அடர்ந்த இடம், ஆடுகள் நெருக்கிக்கொண்டு படுத்திருந்த இடம், அங்கேதான் அந்தப் புல் கெட்டியாய் இருந்தது. திடீரென்று அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி தொப்பென்று உட்கார்ந்தாள். முள் போய் இப்போது மூளையும் போய்விட்டது என்று நினைத்தேன்.

“செத்த நேரம் வாய மூடிட்டு நீயும் ஒக்காந்து பாருடி.”

உட்கார்ந்தேன். மெத்தை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்கவில்லை.

அந்த வாரமே சடையாண்டியைத் தேடிப் பிடித்தாள். அவர் ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். “கொழுக்கட்டைப் புல்லுங்க. வெள்வேல மரத்தடியில அதுதானுங்க வளரும். ஆட்டு மயித்துல ஒட்டிக்கிட்டு வந்திருக்குமுங்க. ஆனா புதுக்கதிரு போட்டா மொளைக்காதுங்க, போன வருசத்து வெதை வேணுமுங்க.” எங்கள் சேவுகம்பட்டிக்காரி தோட்டப் பயிர் பார்த்து வளர்ந்தவள், மேய்ச்சல் காட்டுப் புல் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு அவளைப் பிடிக்க முடியுமா? தொப்பம்பட்டிக்கு பஸ் ஏறினாள். விதை கொண்டுவர நான் ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தேன். ஆமாம், என் ஷெட்டுக்கு எதிராக நானே தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பஞ்சு பஞ்சாய் விதை அவள் சேலை முழுக்க ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டதாம். அவர் இறங்கும் வரை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி இவளிடம் கொடுத்துக்கொண்டே வந்தாராம்.

விதைக்கப் போகும் அன்று மதர் கொடைக்கானல் விதை இன்னொரு பொட்டலம் கொண்டுவந்தார். அவருக்கு அதன்மேல் ஆசை விடவில்லை. சூசையக்கா அதைப் பணிவாக வாங்கி, பணிவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்ல புல்லுதான் மதர். ஆனா நோகாம வளந்தது. இது மிதிபட்டு, கடிபட்டு, காஞ்சு வளந்தது. நம்ம புள்ளைக மிதிக்கிறதுக்கு இதுதான் தாங்கும்.”

மதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளிச்சம் இறங்க மரத்தின் தாழ்ந்த கிளை இரண்டை வெட்டவும் சேர்த்து அனுமதி கொடுத்தார். போர்டிங் தண்ணீர் பாய்ந்தது. ஆவணியில் புல் முழங்கால் வரை வந்து நின்றது. அரிவாளால் அறுத்துவிட்டோம். அறுக்க அறுக்க அடியில் தூர் கட்டி, குத்துக்குத்தாய் நின்றது ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது.

காலாண்டு லீவின் கடைசி நாள் பெற்றோர் வந்தார்கள். வலை கட்டியாயிற்று. மதர் நாற்காலியில் உட்கார்ந்தார். கிதர் முகம்மது உட்காரவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரத்தின் தூரில் கைகட்டி நின்றார். “பாக்கத்தான் வந்தேன். இன்னிக்கு ஒரு நாளு ஆடட்டும், பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். அவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

வளையத்தை எறிவது என் வேலை. வலைக்கு அந்தப் பக்கம் கமர்ஜஹான். எறிந்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வளையம் பக்கத்தில் விழுந்தது. இன்னொன்று எறிந்தேன். கையை மட்டும் நீட்டினாள், கால் நகரவில்லை. அவள் கை தானாகப் போய் முகவாயைத் தொட்டது. அடப் பாவமே, ஒரு வருஷம் பாடுபட்டுத் தரைக்கு மருந்து கண்டுபிடித்தோம், பிள்ளை மனசுக்குள் இருக்கிற பயத்துக்கு என்ன விதை போடுவது?

கிதர் முகம்மது பெருமூச்சு விட்டார். கிளம்பத் தயாராகிறார் என்று தெரிந்தது.

சூசையக்கா விசிலைக் கழற்றி மதர் மடியில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கமர்ஜஹானை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவள் இடத்தில் போய் நின்றாள்.

“ஆனந்தமேரி, எறி. எட்டாத எடமாப் பாத்து எறி.”

நாற்பதைத் தாண்டியவள். எனக்குக் கை வரவில்லை. “எறிடி” என்று ஓர் அதட்டல் போட்டாள். எறிந்தேன். பாய்ந்தாள் பாருங்கள், சேலையும் ஷூவுமாக. ஆள் ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். புல்லில் குப்புற விழுந்து உருண்டு எழுந்தாள். வளையம் கையில் இல்லை, அது போய் மதர் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. ஆனால் ஒரு சிராய்ப்பு இல்லை. முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பெற்றோருக்குக் காட்டினாள். மூக்கு நுனியில் மட்டும் ஒரு புல் ஒட்டியிருந்தது.

முதலில் சிரித்தது மதர். பிறகு பிள்ளைகள். கமர்ஜஹான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓடிவந்து, “நவுருங்க டீச்சர், ஒங்களுக்குப் பாயத் தெரியல” என்று சொல்லித் தன் இடத்தில் நின்றாள்.

நான் எறிந்தேன். பாய்ந்தாள். அத்தாவின் கை நெஞ்சுக்குப் போனது, ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டார். அவள் நெஞ்சு படப் புல்லில் சறுக்கிக்கொண்டு போய் நின்றாள். எழுந்தாள். வளையம் கையில் இருந்தது. முகவாயைத் தடவி விரலைப் பார்த்தாள். பச்சைக் கறை மட்டும்தான். பிறகு அத்தாவைப் பார்த்தாள்.

சூசையக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒட்டியிருந்த புல்லை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

கிதர் முகம்மது குனிந்து புல்லை ஒரு தடவை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், தோல் பார்க்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்.

“டீச்சரம்மா, இன்னொண்ணு எறிங்க” என்றார். “இன்னுங் கொஞ்சம் தள்ளி எறிங்க. அவளுக்கு அது எட்டும்.”

நான் தள்ளி எறிந்தேன்.